கரை தாழ்ந்த இடத்தில் உடைப்பு

குடிநீரில் கழிவுநீர் கலக்கிறது, ஏரிக்கு வரும் கால்வாயை யாரோ அடைத்துவிட்டார்கள், நியாய விலைக் கடை வாரத்தில் இரண்டு நாள்தான் திறக்கிறது என்று நான்கு பேர் கூடிப் பேசும்போது உள்ளூர் அரசியல் பிறக்கிறது. சட்டப்பேரவையிலும் நாடாளுமன்றத்திலும் நடப்பவற்றை நாம் நாள்தோறும் படிக்கிறோம். தெருவில் பிறக்கும் இந்த அரசியலைப் பற்றி எழுதுவோர் குறைவு. ஆயினும், ஓர் ஊரின் அன்றாட வாழ்வைப் பெரிதும் தீர்மானிப்பது இதுவே.

தமிழகத்தில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகள் உள்ளன. குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள் ஆகியவற்றோடு மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களிலும் கிராம சபைகள் கூட்டப்படுகின்றன. நகரங்களில் வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் சட்டப்படி உண்டு. ஆனால், சபை கூடும் நாளில் ஒருவர் எழுந்து கேள்வி கேட்க வேண்டுமாயின், அதற்கு முன் பல நாள் பேச்சும் ஆலோசனையும் துணிவூட்டலும் நடந்திருக்க வேண்டும். முன்பு அவை தேநீர்க் கடையிலும் கோயில் திண்ணையிலும் நடந்தன. இன்று கைப்பேசியில் நடக்கின்றன. குடியிருப்போர் நலச் சங்கம், மகளிர் சுய உதவிக் குழு, நீர்நிலைப் பாதுகாப்புக் குழு, கட்சியின் கிளை என எதுவாயினும் அதற்கு ஒரு வாட்ஸ்ஆப் குழு இருக்கிறது.

இதனால் விளைந்த நன்மை சிறிதன்று. ஓர் ஊரில் நூறு பேரைத் திரட்ட முன்பு ஒரு வாரம் அலைய வேண்டியிருந்தது. இன்று ஒரு மணி நேரம் போதும். பொருளியலின் மொழியில் சொல்வதானால், ஒன்றுகூடுவதற்கான செலவு ஏறத்தாழ இல்லாமற்போய்விட்டது. ஆனால், அந்தச் செலவு வேறொரு வடிவில் திரும்பி வந்திருக்கிறது. தேநீர்க் கடையில் பேசிய பேச்சு காற்றோடு போயிற்று. கைப்பேசியில் பேசியது தங்கிவிடுகிறது. யார் சொன்னார், எப்போது சொன்னார், யாரெல்லாம் படித்தார்கள் என்பது வரை எழுத்தில் நிற்கிறது.

நான் உறுப்பினராக உள்ள ஒரு குடியிருப்போர் குழுவில் இது நேர்ந்தது. மழைநீர்க் கால்வாயின்மீது எழுப்பப்பட்டிருந்த கட்டடம் ஒன்றைப் பற்றி, வாடகை வீட்டில் வசிக்கும் ஒரு பெண் குழுவில் எழுதினார். யாரையும் ஏசவில்லை, கட்டடம் எந்த ஆண்டு எழுந்தது என்பதை மட்டும் தெரிவித்தார். அன்று இரவே அந்தச் செய்தியின் திரைப்படம் அவர் குடியிருந்த வீட்டின் உரிமையாளரைச் சென்றடைந்தது. கட்டடத்துக்காரர் அவருக்கு உறவினர். அடுத்த மாதம் வீட்டைக் காலி செய்யுமாறு அந்தப் பெண்ணிடம் சொல்லப்பட்டது. இருநூறு பேருக்கு மேல் இருந்த அந்தக் குழுவில் அதன்பின் காலை வணக்கங்களும் திருவிழா வாழ்த்துகளும் மட்டுமே வந்தன.

இதில் உளவு மென்பொருள் எதுவும் இல்லை; ஒட்டுக்கேட்பும் இல்லை. ஒருவர் தம் விரலால் ஒரு திரைப்படம் எடுத்து அனுப்பினார், அவ்வளவுதான். கைப்பேசிப் பாதுகாப்பு என்றதும் நம் சிந்தனை பன்னாட்டு உளவு நிறுவனங்களை நோக்கி ஓடுகிறது. உள்ளூர் அரசியலில் ஆபத்து பெரும்பாலும் அடுத்த தெருவிலிருந்து வருகிறது: ஒப்பந்ததாரர், வட்டிக்குக் கொடுத்தவர், வேலை கொடுத்தவர், வீட்டு உரிமையாளர். சொந்த வீடும் ஓய்வூதியமும் உள்ள என்னைப் போன்றவர் வெளிப்படையாகப் பேசலாம். இழப்பதற்கு அதிகம் இல்லை. தூய்மைப் பணியாளரும் குத்தகை விவசாயியும் ஒப்பந்த ஆசிரியையும் அப்படிப் பேச முடியாது. ஆகவே, ஒரு குழுவின் உரையாடல் பாதுகாப்பற்றதாகும்போது முதலில் அடங்குவது எளியோரின் குரலே.

இந்தச் சிக்கல் புதிதன்று. இங்கிலாந்தில் 1872-ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை வாக்காளர் தம் தேர்வை அனைவரும் அறிய உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. நிலக்கிழாரின் குத்தகையாளர் அவர் முன்னிலையில் எப்படி வாக்களித்திருப்பார் என்பதை விளக்க வேண்டியதில்லை. மறைவாக்கு வந்தபின்தான் அவருடைய வாக்கு அவருடையதாயிற்று. அமெரிக்காவில் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய என்ஏஏசிபி சங்கத்தின் உறுப்பினர் பட்டியலை ஒப்படைக்குமாறு அலபாமா மாநில அரசு கேட்டது. பட்டியல் வெளியானால் உறுப்பினர்கள் வேலையையும் உயிரையும் இழக்க நேரும் என்று சங்கம் மறுத்தது. 1958-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், சங்கம் சேரும் உரிமையில் உறுப்பினரின் பெயரைக் காக்கும் உரிமையும் அடங்கும் என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அன்று ஓர் அலுவலகப் பெட்டிக்குள் இருந்த அத்தகைய பட்டியல், இன்று நம் வாட்ஸ்ஆப் குழுவின் 'உறுப்பினர்கள்' பக்கத்தில் தொலைபேசி எண்களோடு அனைவர் கையிலும் இருக்கிறது.

'பொதுவாழ்வில் மறைக்க என்ன இருக்கிறது?' என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பொதுக் கோரிக்கைக்காக ஒன்றுகூடுவோர் தம் கோரிக்கையையும் வரவு செலவையும் எடுத்த முடிவையும் மறைக்கக் கூடாது. அவற்றைச் சுவரொட்டியாகவே ஒட்டலாம். காக்கப்பட வேண்டியவை வேறு: முடிவுக்கு முன் யார் என்ன கருத்துச் சொன்னார், யார் தகவல் கொடுத்தார், யாருடைய எண் எது, யார் எங்கே வசிக்கிறார் என்பவை. கோரிக்கை ஊருக்கு உரியது. இவை தனிமனிதருக்கு உரியவை. இந்த எல்லைக்கோடு தெளிவாக இருந்தால் மற்றவை எளிதாகும்.

இங்கே பொருளியல் நமக்கு ஒரு பயனுள்ள கருத்தைத் தருகிறது. அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஜாக் ஹிர்ஷ்லீஃபர் 1983-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், வட்டமான ஒரு தீவைக் கற்பனை செய்தார். கடற்கரையோரம் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு நிலம் உண்டு. அவரவர் பகுதியில் அவரவரே கரை கட்ட வேண்டும். ஒருவர் எவ்வளவு உயரமாகக் கட்டினாலும், எவருடைய கரை மிகத் தாழ்வோ அதன் வழியே வெள்ளம் புகுந்து தீவு முழுவதையும் மூழ்கடிக்கும். அங்கு அனைவருக்கும் கிடைக்கும் பாதுகாப்பின் அளவு, மிகத் தாழ்ந்த கரையின் அளவே.

ஏரிப்பாசனம் அறிந்த நமக்கு இது புதிய செய்தியன்று. கரை தாழ்ந்த இடத்தில்தான் உடைப்பு எடுக்கும். அதனால்தான் குடிமராமத்து ஊரார் அனைவரின் கடமையாக இருந்தது. கைப்பேசிக் குழுவும் அத்தகையதே. தலைவர் விலையுயர்ந்த கைப்பேசியில் ஆறு பூட்டுகள் போட்டிருக்கலாம். ஐம்பதாவது உறுப்பினரின் கைப்பேசி பூட்டில்லாமல் மேசையில் கிடந்தால், குழுவின் செய்திகள் அனைத்தும் மேசையில் கிடப்பதாகவே பொருள்.

இதிலிருந்து கிடைக்கும் பாடம் நடைமுறை சார்ந்தது. குழு தன் நேரத்தையும் உழைப்பையும் தொழில்நுட்பம் தெரிந்தவர்மீது செலவிடுவதால் பயனில்லை. பழைய கைப்பேசி வைத்திருப்பவர், மகனோடும் கணவரோடும் கைப்பேசியைப் பகிர்ந்துகொள்பவர், எழுத்துக்கூட்டிப் படிப்பவர் ஆகியோருக்கே முதலில் உதவ வேண்டும். தமிழக உள்ளாட்சி இடங்களில் சரிபாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. ஆனால், பல வீடுகளில் பெண்ணுக்கெனத் தனிக் கைப்பேசி கிடையாது. அத்தகையவரைக் குழுவில் சேர்த்துவிட்டு நுணுக்கமான செய்திகளை அங்கே எழுதுவது அவருக்கும் நல்லதன்று, குழுவுக்கும் நல்லதன்று. அவரிடம் நேரில் சென்று பேசுவதே முறை.

அடுத்து, கைப்பேசி எதைக் காக்கிறது, எதைக் காப்பதில்லை என்பதை அறிய வேண்டும். சாதாரணக் குறுஞ்செய்தியும் வழக்கமான தொலைபேசி அழைப்பும் இருமுனை மறையாக்கம் இல்லாதவை. தொலைத்தொடர்பு நிறுவனத்தின் வழியே ஒட்டுக்கேட்கக் கூடியவை. வாட்ஸ்ஆப் 2016 முதல் இருமுனை மறையாக்கத்தைப் பின்பற்றுகிறது. அதாவது, அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே செய்தியைப் படிக்க முடியும். இடையில் உள்ள நிறுவனத்தாலும் முடியாது. சிக்னல் செயலியும் அப்படியே. டெலிகிராமில் வழக்கமான உரையாடல்களுக்கும் குழுக்களுக்கும் இந்தப் பாதுகாப்பு இல்லை. இருவருக்கிடையேயான 'இரகசிய உரையாடல்' வசதிக்கு மட்டுமே உண்டு. பலர் இதை மாற்றிப் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

மறையாக்கம் கடிதத்தை மறைக்கும், உறையை மறைக்காது. யார், யாருக்கு, எப்போது, எத்தனை முறை தொடர்புகொண்டார் என்பன உறைமேல் எழுதப்பட்டவை. நம் நாட்டில் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் அழைப்புப் பதிவுகளைக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்று 2021 இறுதியில் உரிம விதிகள் திருத்தப்பட்டன. ஒரு போராட்டத்துக்கு முந்தைய இரவில் யார் யாரை அழைத்தார் என்பதை மட்டும் வைத்தே அமைப்பின் நரம்பு மண்டலத்தை வரைந்துவிடலாம். ஒரு சொல்லைக் கூடக் கேட்க வேண்டியதில்லை. எந்தச் செயலி எவ்வளவு சேர்த்துவைக்கிறது என்பதும் முக்கியம். 2016-இல் அமெரிக்காவில் நீதிமன்ற நடுவர் குழு ஒன்று ஒரு பயனர் பற்றிய விவரங்களைக் கேட்டபோது, கணக்குத் தொடங்கிய நேரத்தையும் கடைசியாக இணைந்த நேரத்தையும் மட்டுமே சிக்னலால் கொடுக்க முடிந்தது. வேறெதுவும் அதனிடம் இல்லை. சேர்த்துவைக்காததை யாரும் பறிக்க முடியாது.

சட்டம் இதில் எங்கே நிற்கிறது? தொலைபேசி ஒட்டுக்கேட்பு தனியுரிமையைப் பாதிக்கும் செயல் என்று மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் கூறி, அதற்கு நெறிமுறைகளையும் வகுத்தது. 2017-இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, தனியுரிமை அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் இடத்தில் வந்துள்ள 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டமும், பொது நெருக்கடி அல்லது பொதுப் பாதுகாப்பு என்னும் காரணங்களின்பேரிலேயே இடைமறிப்பை அனுமதிக்கிறது. ஓர் ஆணை அறுபது நாள்கள் வரையும், நீட்டிப்புகளோடு மொத்தம் நூற்றெண்பது நாள்கள் வரையும் செல்லும். சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில், சாதாரணக் குற்றப் புலனாய்வுக்கென இந்த வரம்பை விரிக்க முடியாது என்று கூறி, 2011-ஆம் ஆண்டு ஒட்டுக்கேட்பு ஆணை ஒன்றை இரத்துசெய்தது.

தீர்ப்புகள் நம்பிக்கை தருகின்றன. ஆனால், ஆணையிடுவதும் அரசின் செயலாளர், அதை மறுஆய்வு செய்வதும் அரசு அதிகாரிகளின் குழு என்னும் அமைப்பு இன்றும் தொடர்கிறது. முன்கூட்டியே ஒரு நீதிபதியின் ஒப்புதல் பெற வேண்டும் என்ற விதி இல்லை. ஒட்டுக்கேட்கப்பட்டவருக்குப் பின்னாளிலேனும் அதைத் தெரிவிக்கும் வழக்கமும் இல்லை. தெரியாத ஒன்றை எதிர்த்து யார் வழக்குத் தொடுக்க முடியும்?

பெகாசஸ் உளவு மென்பொருள் பற்றிய செய்திகள் 2021-இல் வெளிவந்தபோது உச்ச நீதிமன்றம் தொழில்நுட்பக் குழு ஒன்றை அமைத்தது. ஆய்வுக்கு வந்த 29 கைப்பேசிகளில் ஐந்தில் தீய மென்பொருள் இருந்தது என்றும், அது பெகாசஸ்தான் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றும் அறிக்கை கூறியது. அவ்வகை மென்பொருள் கைப்பேசிக்குள்ளேயே நுழைந்துவிடுவதால் மறையாக்கம் அங்கு உதவாது. எனினும், விலையுயர்ந்த அந்தக் கருவி ஊர்ப் பொதுக்கிணற்றுக்காகப் போராடுபவரைத் தேடி வருவது அரிது. அவரைத் தேடி வருவது திருமண அழைப்பிதழ் என்றும் போக்குவரத்து அபராதம் என்றும் பெயரிட்டுக் குழுக்களில் சுற்றும் ஏபிகே கோப்பு. அதை நிறுவிய மறுகணம் குறுஞ்செய்திகளும் ஓடிபி எண்களும் பிறர் கைக்குப் போகக்கூடும்.

எனவே, ஒவ்வோர் உறுப்பினரும் செய்துகொள்ள வேண்டியவை எளியவை. திரைக்கு ஆறு இலக்கப் பூட்டு. வாட்ஸ்ஆப்பில் இரண்டடுக்குச் சரிபார்ப்பு எண். 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பகுதியில் தமக்குத் தெரியாத கணினி ஏதேனும் உள்ளதா என்று மாதம் ஒருமுறை பார்த்தல். மென்பொருள் புதுப்பிப்பைத் தள்ளிப்போடாமை. யார் கேட்டாலும் ஓடிபி சொல்லாமை. கைப்பேசியில் மறையாக்கம் பெற்ற செய்தி, மேகக்கணினியில் சேமிக்கப்படும் காப்புப் பிரதியில் அந்தப் பாதுகாப்பின்றிக் கிடக்கலாம். காப்புப் பிரதியையும் மறையாக்கம் செய்யும் வசதி 2021 முதல் உள்ளது. அதை நாமேதான் முடுக்கிவிட வேண்டும். இவை அனைத்துக்கும் ஒருவருக்கு அரை மணி நேரம் ஆகும். மாதக் கூட்டத்தில் இளைஞர் இருவர் அமர்ந்து எல்லோருக்கும் இதைச் செய்து கொடுத்துவிடலாம். இதுவே நம் காலத்தின் குடிமராமத்து.

குழுவாகச் செய்ய வேண்டியவையும் உண்டு. நூறு பேர் உள்ள குழுவைப் பொதுச் சந்தை என்றே கருத வேண்டும். சந்தையில் உரக்கச் சொல்லத் தயங்குவதை அங்கே எழுதக் கூடாது. அறிவிப்புகளுக்கு ஒரு பெரிய குழு, ஆலோசனைக்கு ஒருவரையொருவர் நன்கறிந்த ஏழெட்டுப் பேரின் சிறு குழு எனப் பிரித்துக்கொள்வது நன்று. அறிவிப்புகளுக்கு வாட்ஸ்ஆப் 'சேனல்' வசதியைப் பயன்படுத்தினால் பின்தொடர்வோரின் எண்கள் மற்றவருக்குத் தெரியா. தம் எண் அந்நியருக்குத் தெரிவதை விரும்பாத பெண்களுக்கு இது பெரிய ஆறுதல். குழுவில் சேரும் இணைப்பைப் பொதுவெளியில் இடலாகாது. விலகியவரை உடனே நீக்க வேண்டும். கையொப்பம் திரட்டும்போது தேவையின்றி ஆதார் எண்ணையோ பிறந்த நாளையோ கேட்கக் கூடாது. வேலை முடிந்ததும் பட்டியலை அழித்துவிட வேண்டும்.

குறிப்பிட்ட நாளுக்குப் பின் தாமே மறையும் செய்திகளும் உதவும். ஆனால், திரைப்படம் எடுப்பதை அவை தடுக்கா. மேலும், தீர்மானங்களும் கணக்கும் மறையக் கூடாதவை. நன்கொடையாக வந்த ஒவ்வொரு ரூபாயும் எடுத்த ஒவ்வொரு முடிவும் தீர்மானப் புத்தகத்தில் மையால் எழுதப்பட்டு, கேட்பவருக்கெல்லாம் காட்டப்பட வேண்டும். பேச்சைக் காப்பது என்ற பெயரில் கணக்கை மறைக்கும் அமைப்பு, தான் எதிர்க்கும் ஊழலின் சாயலைத் தானே பெற்றுவிடும்.

மறைவான உரையாடல் தீமைக்கும் பயன்படும் என்பதை மறுப்பதற்கில்லை. 2018-இல் குழந்தை கடத்துவோர் பற்றிய வதந்தி கைப்பேசி வழியே பரவி, தமிழகத்திலும் பிற மாநிலங்களிலும் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்டனர். அவ்வாண்டு ஜூலையில் வாட்ஸ்ஆப், இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஒரே நேரத்தில் முன்னனுப்ப முடியாதபடி வரம்பிட்டது. இங்கே கவனிக்கத்தக்கது ஒன்று. அந்த வரம்பு பரவலின் வேகத்தைக் குறைத்தது; எவருடைய உரையாடலையும் திறந்து படிக்கவில்லை. தீமையைத் தடுக்க அனைவரின் பேச்சையும் ஒட்டுக்கேட்பதே வழி என்பவர்கள் இந்த வேறுபாட்டை எண்ணிப் பார்க்க வேண்டும். உள்ளூர்க் குழுக்களும் தம் பங்குக்கு, மூலம் தெரியாத செய்தியை முன்னனுப்புவதில்லை என்ற விதியை வகுத்துக்கொள்ளலாம்.

அரசு செய்ய வேண்டியது, ஒட்டுக்கேட்பு ஆணைக்கு நீதித் துறையின் முன்னொப்புதலையும், ஆண்டுதோறும் எத்தனை ஆணைகள் பிறப்பிக்கப்பட்டன என்ற எண்ணிக்கையை வெளியிடுவதையும் சட்டமாக்குவது. அது வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கிராம சபையில் எழுந்து நிற்கும் ஒருவர், தமக்குத் தகவல் தந்தவரின் பெயர் வெளியே போகாது என்ற உறுதியோடு கேள்வி கேட்க முடிந்தால், அந்தச் சபைக்கு உயிர் இருக்கிறது. அந்த உறுதியைத் தருவது பெரும்பாலும் குழுவில் உள்ளவர்களின் ஒழுங்கும் ஒருவர்மீது ஒருவர் கொண்ட அக்கறையுமே. அடுத்த கிராம சபைக்கு முன் நடக்கும் மாதக் கூட்டத்தில் அந்த அரை மணி நேரத்தை ஒதுக்குங்கள். குழுவிலேயே மிகப் பழைய கைப்பேசி யாரிடம் இருக்கிறதோ, அவரிடமிருந்து தொடங்குங்கள்.

கட்டுரையாளர்:
பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).